மரவாழைக்கு ஐஸ் வைத்த கதை

ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஐஸ் கட்டி வைக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். துப்புவதற்கு. கேட்கிறவர்கள் மேல் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. எங்கேயோ கேள்விப்பட்டிருப்பார்கள், கேட்கிறார்கள். எனக்குக் குமட்டுவது என்னை நினைத்து. ஒரு பனிக்காலம் முழுக்க, தினமும் காலையில், என் கையாலேயே அந்த வேலையைச் செய்திருக்கிறேன். செடி அழுகும் என்று தெரிந்தே செய்தேன். அழுகிய பிறகு அதைப் பற்றி நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அது செடியைவிட அதிகமாக நாறியது.

எழுபதுகளின் நடுவில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஃபாக்டரி எஞ்சினியர் குவார்ட்டர்ஸில் நான் வீட்டு வேலை பார்த்தேன். பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது, மூன்று மணிக்குக் காபி. எஞ்சினியர் வீட்டம்மா பாலக்காட்டு டவுன்காரர். அவர் பேசுவதும் தமிழ்தான், ஆனால் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பேசுகிற தமிழ் இல்லை. ‘வந்துடுத்து’, ‘போயிடுத்து’ என்று ஒரு இழுப்பு இருக்கும். அவர் திட்டினால்கூட பாயசத்தில் மிளகு கடிபட்ட மாதிரிதான் இருக்கும், முதலில் இனிக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் வரவேண்டாம் என்று சொல்லி மாத்திரையும் கொடுத்தனுப்பியவர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. தனக்குத் தோன்றியதை நான்கு பேர் ஆமாம் என்று சொல்லக் கேட்க வேண்டும். நான்கு பேர் இல்லாத மலையில் அந்த நான்கு பேராகவும் நான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் தேனிப் பக்கம். கல்யாணம் முடிந்து என்னோடு மலைக்கு வந்தவர். ஃபாக்டரிக்குக் கரண்ட் வருகிற கம்பிக்கு அடியில் மரக்கிளை வளர்ந்து தொடாமல் வெட்டுகிற கும்பலில் தற்காலிகமாக வேலை பார்த்தார். எஸ்டேட்டில் தற்காலிகம் என்றால் ஆள் இருக்கிறான், பெயர் இல்லை என்று அர்த்தம். ‘செக்ரோல்’ என்று ஒரு பதிவு உண்டு. அதில் பெயர் ஏறினால்தான் நிரந்தரம். நிரந்தரமானால்தான் குடியிருக்க லயத்தில் ஒரு வீடு. அதுவரை நாங்கள் என் அண்ணன் வீட்டு ஒற்றை அறையில் ஒண்டியிருந்தோம். நடுவில் பழைய சேலை ஒன்றைக் கட்டி, அந்தப் பக்கம் அவர்கள் ஐந்து பேர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். என் அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள்.

“சேலை கண்ணுக்குத்தான் மறைப்பு. காதுக்கு எதைக் கட்டுறது?”

அதைக் கேட்ட பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேலைக்கு இந்தப் பக்கம் வாய் திறந்து பேசியதே இல்லை. புருஷன் பெண்டாட்டி பேச வேண்டியதை எல்லாம் தண்ணிக் குழாயடியில் நின்று பேசினோம்.

செக்ரோலில் பெயர் ஏற்ற எஞ்சினியர் சார் ஒரு கடிதம் எழுத வேண்டும், அது கம்பெனி ஆபீசுக்குப் போய் ஆர்டராகத் திரும்ப வேண்டும். சார் யாரிடமும் அதிகம் பேசாதவர். அவரிடம் நினைவுபடுத்த ஒரே வழி வீட்டம்மா. “நான் சொல்றேன் அவர்கிட்ட, நீ கவலைப்படாதே” என்று அம்மா ஒரு நாள் காபி டம்ளரை நீட்டியபடியே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த டம்ளரை நான் கழுவிய மாதிரி வேறெதையும் கழுவியதில்லை.

செடிகளும் என் வீட்டுக்காரர் மூலமாகத்தான் அந்த வீட்டுக்கு வந்தன. கம்பிக்கு அடியில் கிளையை வெட்டினால் கிளையோடு மரவாழை விழும். ஆர்க்கிட்டுக்கு மலையாளத்தில் அந்தப் பெயர். நாங்களும் அப்படியே சொல்லுவோம். வாழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தடித்த இலை, வெளியே தொங்குகிற வெள்ளை வேர், பருவத்தில் நரிவால் மாதிரி ஒரு கொத்துப் பூ. வெட்டுகிறவர்கள் அதைக் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். இவர் ஒன்றைச் சும்மா தூக்கிக்கொண்டு வர, அம்மா பார்த்துவிட்டார்.

“அடடா, இது ஆர்க்கிட் ஆக்கும். இன்னும் இருந்தா கொண்டு வரச் சொல்லு.”

இவருக்கு அந்தச் சொல் வாயில் நிற்கவில்லை. “ஆக்கிட்டு, ஆக்கிட்டுன்னு அந்தம்மா எதை ஆக்கச் சொல்லுது?” என்று குழாயடியில் கேட்டார். ஆனாலும் கொண்டுவந்தார். இரண்டு மாதத்தில் வராந்தாவில் ஒன்பது சட்டி. கரித்துண்டும் உடைத்த ஓடும் போட்டு அம்மாவே நட்டார். ஒன்பதும் பிழைத்தன. அதுவரை அவற்றுக்கு வாரத்தில் இரண்டு தரம் தண்ணீர் தெளித்தது நான்தான். தெளிப்பேன், வடிந்துவிடும், மறந்துவிடுவேன். அவ்வளவுதான் அந்தச் செடிக்கு வேண்டும்.

மழைக்காலம் முடிந்த கையோடு பிரிட்ஜ் வந்தது. அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் அதுதான் முதல் பிரிட்ஜ். நான்கு ஆள் தூக்கி வைத்தார்கள். அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார். குளிர்ந்த மலையில் எதற்கு இன்னும் குளிர் என்று நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். பால் கெட்டால்தானே உள்ளே வைக்க. எங்கள் ஊரில் கார்த்திகை மார்கழியில் பால் கெட மூன்று நாளாகும். ஆக, அந்தப் பெட்டிக்கு அந்த வீட்டில் உருப்படியான வேலை ஒன்றும் இல்லை. அலுமினியத் தட்டில் ஐஸ் கட்டி மட்டும் உறைந்துகொண்டே இருந்தது. அதற்கு ஒரு வேலை கண்டுபிடிக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“இங்க வா, சொல்றேன் கேளு,” என்றார் ஒரு காலையில். “தண்ணியைக் கொட்டினா ஓடிப்போயிடறது. வேர்ல நிக்கறதே இல்லை. அதுவே ஒரு ஐஸ் கட்டியை வச்சோம்னா? மெதுவா உருகும். கொஞ்சம் கொஞ்சமா உள்ளே எறங்கும். அளவும் தெரியும். சட்டிக்கு மூணு கட்டி, தெனமும் கார்த்தால. என்ன சொல்றாய்?”

சொல்லப்போனால் யோசனை முட்டாள்தனமானது இல்லை. கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் படும். ஆனால் என் அம்மா கொழுந்து எடுத்த கையைப் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் எஸ்டேட்டில் ஓடையோரம் பள்ளத்தில் ஒரு துண்டு உண்டு. தை மாதம் விடிகாலையில் அங்கே வெள்ளை வெளேரென்று உறைபனி படுத்திருக்கும். வெயில் ஏறினால் பனி போய்விடும், கொழுந்து மட்டும் தீயில் வாட்டினது போலக் கறுத்துப்போகும். வெளியே பார்க்கச் சாதுவாக இருந்து உள்ளே வெந்துபோயிருக்கிற ஆளை எங்கள் லயத்தில் “பனி தின்ன கொழுந்து” என்றே சொல்லுவார்கள். குளிர் சுடும் என்பது எஸ்டேட்டில் பிறந்த யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்தேன்.

“குளிர் தாங்குமாம்மா?”

“மரத்து மேல இருந்தப்போ பனி பெய்யலையா? அதெல்லாம் தாங்கலையா?”

மரத்து மேலே உறைபனி படியாதம்மா, அது பள்ளத்தில் புல்லின் மேல்தான் படியும், மேலே கிளைக்கு இலை மறைப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு என்ன சொன்னது தெரியுமா?

“ஆமாம்மா. அதுவும் சரிதானே. இப்படியெல்லாம் உங்களுக்குத்தாம்மா தோணும்.”

அந்த ‘உங்களுக்குத்தாம்மா’ என்பதில் எவ்வளவு சர்க்கரை போட்டிருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது.

சட்டிக்கு மூன்று கட்டி. அதுவும் விளிம்பில் இல்லை, செடியின் நடுக்குருத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்து எல்லாப் பக்கமும் சமமாக உருகி இறங்குமாம். இருபத்தேழு கட்டியை விரல் மரத்துப்போக எடுத்து வைத்துவிட்டுப் போய் அடுப்படி நெருப்பில் கையைக் காட்டுவேன். எனக்கு நெருப்பு இருந்தது. செடி வராந்தாவில் நின்றது.

என் வீட்டுக்காரரிடம் குழாயடியில் சொன்னபோது சிரித்தார்.

“அப்ப நீ செடிக்கு ஐஸ் வைக்கிறியா, அம்மாவுக்கு ஐஸ் வைக்கிறியா?”

“ரெண்டுக்கும்தான்.”

“வை, வை. நல்லா வை. பேர் ஏறட்டும்.”

அன்று நானும் சிரித்தேன். முகஸ்துதிக்கு ஐஸ் வைப்பது என்று யார் முதலில் பெயர் வைத்தார்களோ, அவர்கள் வீட்டில் நிச்சயம் ஒரு செடி செத்திருக்கும்.

மார்கழி பாதியில் முதல் சட்டி போயிற்று. மேல் இலை வெளியே பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. தூசி துடைக்கத் தொட்டேன், குருத்து மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் காபிக் கசடு நிறத்தில் கொழகொழவென்று ஒரு கூழ். விரலில் ஒட்டி நூலாக இழுத்தது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? புளித்த கஞ்சிப் பானைக்குள் நத்தை செத்துக் கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கையைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அன்று மத்தியானம் சோற்றை வாயருகே கொண்டுபோக முடியவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், அழுகின இலையை எல்லாம் பிய்த்து வாழைக்குழியில் புதைத்தேன். நன்றாக இருக்கிற பக்கத்தை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். மிச்ச இலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்தேன், பளபளவென்று இருந்தது. பிணத்துக்குப் பவுடர் பூசுவது போல. அம்மா வந்து பார்த்து, “பாரேன், என்ன ஒரு மினுமினுப்பு, ஐஸ் பண்றது இது” என்றார். நான் “ஆமாம்மா” என்றேன். அடுத்த நாளும் மூன்று கட்டி வைத்தேன்.

பொங்கலுக்குள் ஒன்பதும் அழுகிவிட்டன. எண்ணெயில் மறைகிற காலமும் முடிந்துவிட்டது. வராந்தாவில் சின்னச் சின்ன ஈ சுற்ற ஆரம்பித்தது. ஒரு நாள் காலை, அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்தார். தொட்டார். அவர் விரலிலும் அந்த நூல் இழுத்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“என்னடி ஆச்சு இதுக்கு? நான் எல்லாம் சரியாத்தானே பண்ணினேன்?”

அந்தக் கடிதம் இன்னும் எழுதப்படவில்லை. ஐஸ்தான் காரணம் என்று சொன்னால் அம்மாவின் யோசனை தப்பு என்று ஆகும். தப்பு என்று சொன்ன வேலைக்காரியின் புருஷனுக்கு எந்த அம்மா பரிந்து பேசுவார்? இதெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“நான்தாம்மா கெடுத்துட்டேன். ஐஸ் தட்டு ஒட்டிக்கிச்சு. எடுக்க வரலைன்னு சுடுதண்ணி ஊத்திப் பெயர்த்தேன். அந்தச் சுடுதண்ணியோட அப்படியே சட்டியில வெச்சிட்டேன். ரெண்டு மூணு நாளு அப்படித்தாம்மா செஞ்சேன். வேர் வெந்துபோச்சு.”

அம்மா முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ஒன்பது செடி செத்த துக்கம் ஒரு நொடியில் எங்கோ போய்விட்டது. அவர் யோசனை பிழைத்துக்கொண்டது.

“அதானே பார்த்தேன். அசடே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?”

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த எஞ்சினியர் சார் சோப்பு முகத்தோடு வெளியே வந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னார். அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“தானாவே சொன்னாளா?”

“தானாவே சொன்னா. நான் கேட்கக்கூட இல்லை.”

“இந்தக் காலத்துல யார் சொல்றா இப்படி,” என்றார் சார். “நேர்மையான குடும்பம்.”

அந்த வாரமே கடிதம் போயிற்று. அதில் அவர் என்ன எழுதினார் என்று அம்மாவே வாய்நிறையச் சொன்னார். குடும்பத்தாரின் நேர்மை தனக்கு நேரில் தெரியும் என்று எழுதியிருந்தாராம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கையில் இன்னும் அழுகல் வாடை இருந்தது என்று எனக்குத் தோன்றியது. கழுவி நான்கு நாளாகியிருந்தும்.

குழாயடியில் என் வீட்டுக்காரரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்த பிறகுதான் குழாயை மூடினார்.

“சுடுதண்ணின்னா சொன்ன?”

“ம்.”

“சரி. வேற யாருகிட்டயும் சொல்லாத.”

இதோடு போயிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். ஆனால் பொய் ஒரு வேலை செய்துவைத்திருந்தது. குற்றவாளி சுடுதண்ணீர், ஐஸ் நிரபராதி. மாசி மாதம் அம்மா மறுபடி செடி கேட்டார், என் வீட்டுக்காரர் மறுபடி ஒன்பது கொண்டுவந்தார். வெட்டுகிற கிளையில் இல்லாதபோது ஏறிப் பிடுங்கியே கொண்டுவந்தார். “இந்த தடவை ஜாக்கிரதை, பச்சைத் தண்ணியில தட்டைக் காட்டி எடு” என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது எனக்கு உண்மையைச் சொல்ல வழியே இல்லை. ஐஸ்தான் கொல்கிறது என்றால், அன்று சொன்னது என்ன? நேர்மையான குடும்பம் என்று எழுதிப்போன கடிதம் என்ன? ஆர்டர் இன்னும் வரவில்லை.

அதனால் இன்னொரு திருட்டு வேலை செய்தேன். தட்டிலிருந்து இருபத்தேழு கட்டியையும் எடுத்து, அம்மா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, கொல்லைச் சாக்கடையில் கொட்டினேன். செடிக்குப் பழையபடி, வாரத்தில் இரண்டு நாள், குழாய்த் தண்ணீர். அம்மா பார்க்கிற நாளில் மட்டும் சட்டி விளிம்பில், இலைக்கும் குருத்துக்கும் படாமல், கரித்துண்டின் மேல் ஒரு கட்டி. அதனால் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. சூடான ஊரில், குருத்தில் படாமல், ஓரமாக ஒன்று வைத்தால் செடி தாங்கிக்கொள்ளுமாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. எங்கள் குளிரில், நடுக்குருத்தில், தினமும் மூன்று என்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அறை வெப்பத்தில் இருக்கிற வெறும் தண்ணீர் சும்மா கிடைக்கும்போது எதற்கு இந்தச் சோதனை என்றும் தெரியாது.

சித்திரை முடிவில் ஒன்பதில் ஆறு பூத்தன. நரிவால் நரிவாலாக, வெள்ளையில் ஊதா தெளித்து. வந்தவர்களை எல்லாம் அம்மா வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். “மூணே மூணு ஐஸ் கட்டி, வேற ஒண்ணும் கெடையாது. இவளைக் கேளுங்கோ.” எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். “ஆமாங்கம்மா, மூணு கட்டிதான்.” சாட்சி சொல்லுவது பழகிவிட்டது. யோசனை ஒவ்வொரு குவார்ட்டர்ஸாகப் பரவியது.

எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அப்போது புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள். பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதியில் விவசாயக் குடும்பத்துப் பெண். பேச்சு அப்படியே கோயம்புத்தூர்ப் பேச்சு. ஊசி போடும்போதுகூட “வலிக்காதுங்க, கொஞ்சம் கைய லேசா உடுங்க” என்று சொல்லுவாள், ஊசி அந்த ‘ங்க’வில் கரைந்துவிடும். அம்மா அவளுக்கு ஒரு செடியைப் பூவோடு கொடுத்து, மூன்று கட்டிக் கணக்கையும் சொல்லி அனுப்பியிருந்தார். அவளிடம் பிரிட்ஜ் எங்கே இருக்கிறது? மலைக்கு மேலே பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு ஐஸ் கிடைக்கிற இடம் ஒன்றுதான். மீன்காரர் பெட்டி.

மூன்று வாரம் கழித்து அவள் ஓர் எனாமல் பேசினை இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். வாடை அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. பேசினில் அந்தச் செடி. அழுகல் வாடைக்கு மேல் மத்தி மீன் வாடை. குருத்துக்குள் செதில் ஒன்று மினுங்கியது. பேசின் முழுக்க ஈ.

“ஏனுங்கம்மா, நீங்க சொன்னாப்புடியேதானுங்க வெச்சேன். மீன்காரருகிட்டச் சொல்லி வெச்சு, வர்றப்பவெல்லாம் ஒரு கட்டி வாங்கி ஒடைச்சு வெச்சனுங்க. இப்புடி ஆயிப்போச்சுங்களே.”

அம்மா மூன்றடி பின்னால் போய் நின்றார். “ஐயோ, மீன் ஐஸா? அதை அப்படிக் கீழயே வை, உள்ள கொண்டு வராதே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுடி. நீதானே நித்தியம் வைக்கறாய். இவளுக்கு மட்டும் என்னத்துக்கு அழுகித்து?”

நர்ஸும் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

“மீன் ஐஸ்ல உப்புப் போட்டிருப்பாங்கம்மா. அந்த உப்புதான்.”

அதுவும் உண்மைதான். உப்பு போட்டிருப்பார்கள். ஓர் உண்மையை எடுத்துப் பொய்யின் மேல் மூடிவைக்க முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

“கேட்டாயோ?” என்றார் அம்மா. “ஐஸ் மேல ஒரு குத்தமும் இல்லை.”

நர்ஸைக் கேட் வரை கொண்டுவிடப் போனேன். பேசினை நான் வாங்கிக்கொண்டேன். கேட்டுக்கு வெளியே செடியைக் கொட்டி மண்ணைத் தள்ளினேன். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“இனி செடி வெச்சா வெறும் தண்ணி ஊத்து தாயி. வாரம் ரெண்டு தரம். நானும் அதுதான் ஊத்துறேன். ஐஸ் எல்லாம் சாக்கடையில போகுது.”

அவள் நின்றுவிட்டாள். “அப்பறம் ஏனுங்க்கா உள்ள அப்புடிச் சொன்னீங்க?”

“எங்க வீட்டுக்காரருக்கு ஆர்டர் வரணும்.”

அவள் என்னை வைது ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. “ஆர்டரு வந்த பொறகாச்சும் சொல்லிப்போடுங்க்கா,” என்றாள், ஊசி போடுகிற அதே மெதுவான குரலில். “ஊரெல்லாம் வெச்சுட்டு இருக்கறாங்கல்லங்க.”

வைகாசி போய் ஆனியும் பாதி ஆனபோது ஆர்டர் வந்தது. செக்ரோலில் என் வீட்டுக்காரர் பெயர் ஏறியது. லயத்துக் கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. மழையில் ஒழுகும் வீடுதான், ஆனால் நடுவில் சேலை இல்லை. குடிபோன மறுநாள் காலை நேராக அம்மாவிடம் போனேன். அம்மா கடைசிப் பூங்கொத்தின் வாடிய காம்பைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சுடுதண்ணீர் பொய் என்று. முதல் ஒன்பதையும் கொன்றது ஐஸ் என்று. இந்தத் தடவை பிழைத்துப் பூத்தது குழாய்த் தண்ணீரில் என்று. பாதி சொல்லும்போதே அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். நெற்றி சுருங்கியது. கோபம் இல்லை, நான் அவரை ஏதோ விதத்தில் ஏமாற்றப் பார்க்கிறேன் என்பது போல ஒரு பார்வை.

“ஆர்டர் வந்தாச்சு. வாய் நீண்டுடுத்து,” என்றார்.

“இல்லம்மா, சத்தியமா.”

“அன்னிக்கு நீ உண்மையைச் சொன்னாய், நம்பினேன். இன்னிக்கு என்னத்துக்குடி பொய் சொல்றாய்? ஆறு செடி பூத்துது என் கண்ணு முன்னால. எல்லாம் உன்னாலதான்னு பேர் வாங்கணுமாக்கும்?”

நான் வாயைத் திறந்தேன். எட்டு மாதமாக அந்த வாயில் நான் போட்டுவைத்திருந்த சர்க்கரை எல்லாம் கட்டிபிடித்து அடைத்துக்கொண்டது போல இருந்தது.

“செடிக்கு நானே வச்சுக்கறேன்,” என்றார் அம்மா. “நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

அவரே வைத்தார். நடுக்குருத்தில், மூன்று மூன்றாக. ஆடி மழையில் மிச்சம் இருந்த எட்டும் கூழாகிப்போனதை நர்ஸ்தான் பிறகு எனக்குச் சொன்னாள். நான் வேலையை விட்டுப் போகும்போது எதையோ ஊற்றிவிட்டுப் போய்விட்டேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லையாம்.

வேலை போன அன்று மத்தியானம் புது வீட்டுக்குத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றார். அந்த வீட்டில் நாங்கள் சத்தமாகப் பேசிய முதல் பேச்சு அது.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“நம்புனாங்களா?”

“இல்ல.”

அவர் பிழிந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

“பொய் சொன்னப்ப நம்புனாங்கல்ல. நமக்கு அது போதும். சோத்தப் போடு.”

போட்டேன். அவர் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.